ஆம்பூர் திண்ணையில் ஒரு ரிமோட் ஜாப்

எங்கள் வகுப்பில் இப்போது யாரைக் கேட்டாலும் ஒரே கனவுதான். அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், பெங்களூரில் பிஜிக்கு வாடகை கட்டி அழ வேண்டாம். சொந்த ஊரிலேயே, அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்க வேண்டும். நேரடியாக எடுக்க மாட்டார்களாம். நடுவில் ஒரு ஏஜென்சி இருக்கும். ஏஜென்சிதான் காண்ட்ராக்ட் போடும், ஏஜென்சிதான் பணம் கொடுக்கும், கிளையன்ட் முகத்தை ஸ்கிரீனில் மட்டும் பார்க்கலாம். "இதுதான்டா ஃபியூச்சர்" என்கிறான் ஒருவன்.

ஃபியூச்சரா? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஒரு சாயங்காலம் தெருவுக்குள் நடந்து பாருங்கள். அந்த ஃபியூச்சர் பல வருஷமாகத் திண்ணையில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலை வெளிநாட்டுக் கம்பெனிக்கு. செய்யும் இடம் சொந்த வீடு. நடுவில் ஏஜென்ட். நேரம் உங்கள் இஷ்டம் (என்று சொல்வார்கள்). செய்த அளவுக்குக் கூலி. லீவு கிடையாது, பி.எஃப். கிடையாது, ஆர்டர் நின்றால் சம்பளமும் நிற்கும். இதில் லேப்டாப்பை எடுத்துவிட்டு ஊசியை வைத்தால் ஆம்பூர், ஊசியை எடுத்துவிட்டு லேப்டாப்பை வைத்தால் நம்ம பசங்க கனவு. அவ்வளவுதான் வித்தியாசம். சரி, சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விவரம். பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் ஊர்கள். 2019 வரை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். அந்த வருஷம் மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஒரு காலத்தில் பதனிட்ட தோலை அப்படியே கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1970களில் சீதாராமையா கமிட்டி, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் அனுப்புவதைக் குறைத்து, முடிந்த தோலாகவும் ஷூவாகவும் செய்து அனுப்பச் சொன்னது. அதற்குப் பிறகுதான் தொட்டியில் தோல் ஊறிய ஊர்கள் ஷூ ஊர்கள் ஆயின. ஆம்பூர் என்றால் உங்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். ஐரோப்பாவில் ஷூ இறக்குமதி செய்கிறவருக்கு வேறு ஞாபகம் வரும்.

ஷூவில் எல்லா வேலையையும் மெஷின் செய்துவிடாது. மொக்காசின் மாதிரியான ஷூக்களில் பாதத்துக்கு மேலே தடிமனாக ஒரு தையல் ஓடும், பார்த்திருப்பீர்கள். அது கைத்தையல். தோலை ஃபேக்டரியில் வெட்டி, துளை போட்டு, மூட்டையாகக் கட்டி ஏஜென்ட் கையில் கொடுப்பார்கள். அவர் வண்டியில் கொண்டுவந்து வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பார். "நாளைக்குக் காலையில வேணும்க்கா, அர்ஜென்ட்." பெண்கள் தைத்து வைப்பார்கள். மறுநாள் வந்து எண்ணி எடுத்துப் போவார். இந்த மேல்பகுதிக்கு இங்கே 'அப்பர்' என்று பெயர். படிக்காதவர்கள்கூட அப்பர் என்றுதான் சொல்வார்கள். (தேவாரம் பாடிய அப்பர் இல்லை!)

தோல் விறைப்பானது. ஒவ்வொரு தையலுக்கும் நூலை இழுத்து இறுக்க வேண்டும். விரல் வெட்டுப்படும், தோள்பட்டை போகும், சாயங்காலத்துக்கு மேல் கண் பூக்கும். பல இடங்களில் ஊசி அவர்கள் செலவு. விளக்குக்குக் கரண்ட் பில் எப்போதுமே அவர்கள் செலவு. தையல் சரியில்லை என்று திரும்பி வந்தால் பிரித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி இல்லை.

2016இல் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், லேபர் பிஹைண்ட் த லேபிள் என்ற இரண்டு பிரிட்டிஷ் அமைப்புகளும் பெங்களூரின் சிவிடெப்பும் சேர்ந்து இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. பிறகு பத்திரிகைகளும் எழுதின. அப்போது வெளிவந்த கணக்கு, ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாயும் அதற்குக் கீழும். ஒரு நாள் முழுக்கக் குனிந்து பத்து ஜோடி தைத்தால் நூறு ரூபாய். அதே ஷூ லண்டன் கடையில் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. இதைச் சொன்னால் உடனே ஒருவர், "மெட்டீரியல் காஸ்ட், ஷிப்பிங், கடை வாடகை எல்லாம் இருக்கே சார்" என்பார். இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெட்டீரியலுக்கும் ஷிப்பிங்குக்கும் கடை வாடகைக்கும் பில் இருக்கிறது. இந்தத் தையலுக்கு மட்டும் பில் இல்லை. யார் தைத்தார், எத்தனை தைத்தார், எவ்வளவு பாக்கி என்று எங்கேயும் எழுத்தில் இல்லை. ஃபேக்டரி கணக்கில் அந்தப் பெண்ணே இல்லை.

'அப்படியென்றால் ஃபேக்டரிக்குப் போக வேண்டியதுதானே' என்பது அடுத்த கேள்வி. ஆயிரக்கணக்கான பெண்கள் போகத்தான் செய்கிறார்கள். ஷிஃப்ட் விடும் நேரம் ஆம்பூரில் ரோட்டைக் கடக்க முடியாது. ஆனால் கைக்குழந்தை இருக்கிற பெண், படுத்த படுக்கையாய் மாமியார் இருக்கிற பெண், வெளியே வேலைக்கு அனுப்பாத வீட்டுப் பெண், ஃபேக்டரியில் வேலை பார்த்து முதுகு போய் நின்றவர் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. பெரும்பாலும் தலித், முஸ்லிம் குடும்பங்கள். அவர்களுக்கு வேலை வீடு தேடி வருவது வசதிதான். என் தெருவில் தைக்கிற அக்கா ஒருவரிடம் இந்த வேலையைத் தடை செய்தால் நல்லதா என்று கேட்டேன். "தடை பண்ணிட்டு நீ சோறு போடுவியாப்பா?" என்றார். நியாயமான கேள்வி. ஆகவே வீட்டு வேலை ஒழிக என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. வேலை வீட்டுக்கு வரலாம். முதலாளியின் பொறுப்பு மட்டும் ஏன் ஃபேக்டரி கேட்டோடு நின்றுவிடுகிறது, அதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில்தான் எனக்கே ஆச்சரியம் தந்த ஒரு விஷயம். இதே வட்டாரத்தில், குடியாத்தம் பக்கம், இன்னொரு திண்ணை வேலை இருக்கிறது. பீடி சுற்றுவது. அங்கேயும் கம்பெனி, நடுவில் ஏஜென்ட், இலையும் தூளும் கொடுத்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அச்சு அசலாக அதே அமைப்பு. ஆனால் பீடிக்கு 1966லேயே தனிச் சட்டம் போட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று அந்தச் சட்டம் சொன்னது. கழிவு என்று சொல்லிப் பீடியைத் தள்ளினால் அந்தத் தகராறைத் தீர்க்க அதிகாரி உண்டு என்றது. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 'அவர்கள் எங்கள் ஆளே இல்லை, ஏஜென்ட் ஆள், வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதுகூட இல்லை' என்ற வாதம் 1985இல் பி.எம். படேல் அண்ட் சன்ஸ் வழக்கில் அடிபட்டது. சுற்றிக் கொடுத்த பீடியை நல்லது, கெட்டது என்று பார்த்துத் தள்ளும் உரிமை உன்னிடம் இருக்கிறதல்லவா, அதுவே மேற்பார்வைதான், பி.எஃப். கட்டு என்றது கோர்ட். அதற்கும் முன்னால் 1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லர், சில சமயம் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்தாலும் அவர் வேலையாள்தான் என்று அப்போதே சொல்லியாயிற்று.

இப்போது யோசியுங்கள். ஒரே வட்டாரத்தில் இரண்டு திண்ணை. ஒரு திண்ணையில் பீடி சுற்றுகிற பெண்ணுக்கு அடையாள அட்டை, பி.எஃப். எண், பாஸ் புக். இன்னொரு திண்ணையில் அப்பர் தைக்கிற பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஏன்? பீடியில் சங்கம் இருந்தது, போராட்டம் இருந்தது, பார்லிமெண்டில் பேச ஆள் இருந்தார்கள். ஷூ தைப்பது பின்னால் வந்தது, சத்தமில்லாமல் வந்தது. எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை. ஊசிக்கும் பீடி இலைக்கும் சட்டத்தின் கண்ணில் என்ன பெரிய தத்துவ வித்தியாசம் இருக்க முடியும்?

(பீடிப் பெண்கள் சொர்க்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. இலையை எடை குறைத்துக் கொடுப்பது, ஒருவர் பாஸ் புக்கில் நான்கு பேர் சுற்றுவது என்று ஆயிரம் டகால்டி. பீடி மேல் இருந்த நல நிதி வரியும் 2017 ஜிஎஸ்டியோடு போய்விட்டது. ஆனாலும் சண்டை போட ஒரு காகிதமாவது அவர்கள் கையில் இருக்கிறது.)

இப்போது நம்ம லேப்டாப் கோஷ்டிக்கு வருவோம். எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் வேலூரில் மொட்டை மாடி ரூமில் இருந்துகொண்டு லண்டன் கிளையன்ட் ஒன்றுக்கு இரண்டு வருஷம் வேலை பார்த்தார். நடுவில் ஓர் ஏஜென்சி. பெயர் வேண்டாம். காலையில் ஸ்டேண்ட்-அப் மீட்டிங் கிளையன்ட்டோடு, வேலையைப் பிரித்துக் கொடுப்பது கிளையன்ட் மேனேஜர், கோடை ரிவ்யூ செய்து திருப்பி அனுப்புவதும் அவரே. ஆனால் காண்ட்ராக்டில் அண்ணன் ஒரு 'சுயாதீன ஒப்பந்ததாரர்'. ஒரு நாள் மெயில் வந்தது: கிளையன்ட் பட்ஜெட்டைக் குறைத்துவிட்டார், பதினைந்து நாளில் முடித்துக்கொள்வோம். கடைசி இன்வாய்ஸில் பாதிதான் வந்தது. மீதியைக் கேட்டால், 'கிளையன்ட் இன்னும் எங்களுக்குத் தரவில்லை.' கிளையன்ட்டிடம் கேட்டால், 'உங்கள் ஒப்பந்தம் ஏஜென்சியோடுதானே.' கால்பந்து மாதிரி இரண்டு பக்கமும் உதை. ஆம்பூர் அக்காவைக் கேட்டால் இந்தக் கதையை அவரே முடித்து வைப்பார். ஏஜென்ட், 'கம்பெனி இன்னும் பில் பாஸ் பண்ணலக்கா' என்பார். கம்பெனி, 'நீங்க யாரும்மா?' என்று கேட்கும்.

வீட்டுக் கடனுக்கு பேங்க்குக்குப் போனபோது அண்ணனிடம் சம்பளச் சீட்டு கேட்டார்கள். அவரிடம் இன்வாய்ஸ்தான் இருந்தது. ஜிஎஸ்டியில் அடுத்த கூத்து. வெளிநாட்டு கிளையன்ட்டுக்கே நேராக பில் போட்டால் அது சேவை ஏற்றுமதி, உரிய படிவம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். நடுவில் இருக்கும் ஏஜென்சி இந்தியக் கம்பெனி என்றால் உங்கள் பில் உள்நாட்டு பில்தான். வருஷ வரவு இருபது லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்துகொண்டு வரி போட வேண்டியதுதான். இதையெல்லாம் ஆஃபர் லெட்டரோடு யாரும் சொல்லித் தருவதில்லை.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஆட்களுக்கு வரித்துறை ஒரு விதி வைத்திருக்கிறது. ஐ.ஆர்.35 என்று பெயர், 2000இலிருந்து இருக்கிறது. அந்த விதி கேட்கும் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் இருக்கும் கம்பெனியைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிவிடு, மிச்சம் இருக்கும் இருவரைப் பார், முதலாளி-தொழிலாளி மாதிரி இருக்கிறதா இல்லையா? இருந்தால் அப்படியே வரி கட்டு. அது வரி வாங்குவதற்கான விதி, தொழிலாளிக்கு லீவும் பி.எஃப்.பும் கொடுப்பதற்கு இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஆம்பூரில் ஏஜென்ட்டைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். ஃபேக்டரி வெட்டிக் கொடுத்த தோல், ஃபேக்டரி கொடுத்த டிசைன், ஃபேக்டரி சொன்ன தேதி, தரம் பார்ப்பதும் ஃபேக்டரி. இதில் அந்தப் பெண் 'சுயதொழில் முனைவோர்' ஆவது எப்படி?

இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கிறாயே, ஒருத்தன் மாசம் லட்சம் வாங்குகிறான், இன்னொருவர் நாளுக்கு நூறு ரூபாய், வெட்கமாக இல்லையா என்று திட்ட வருகிறவர்களுக்கு: இருக்கிறது, ரொம்பவே. அண்ணனுக்கு அந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். ஆங்கிலத்தில் மெயில் எழுதத் தெரியும், காண்ட்ராக்டைப் படிக்கத் தெரியும். அக்காவிடம் படிக்கக் காண்ட்ராக்டே கிடையாது. பாதிப்பு இருவருக்கும் ஒன்று என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கொக்கி ஒன்று என்கிறேன். அந்தக் கொக்கியில் லட்ச ரூபாய்க்காரனும் மாட்டும்போதாவது நூறு ரூபாய்க்காரரைப் பற்றி நாலு பேர் பேச மாட்டார்களா என்ற நப்பாசைதான்.

இருவரையும் நான் மட்டும் ஒன்றாகச் சேர்க்கவில்லை, சட்டமே சேர்த்திருக்கிறது. 1996 ஜூனில் ஜெனீவாவில் ஐ.எல்.ஓ. வீட்டு வேலைக்கென்றே 177ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றது. அகமதாபாத்தின் சேவா அமைப்பும் எலா பட்டும் அதற்காக வருஷக்கணக்கில் குரல் கொடுத்தவர்கள். முதலாளி கேட்டபடி ஒரு பொருளையோ சேவையையோ தன் வீட்டிலிருந்து கூலிக்குச் செய்து தருகிறவர் வீட்டுத் தொழிலாளி, மற்றத் தொழிலாளிகளுக்கு உள்ளது அவருக்கும் வேண்டும், நடுவில் ஏஜென்ட் இருந்தால் யார் பொறுப்பு எது என்று நாட்டின் சட்டம் பிரித்துச் சொல்ல வேண்டும் என்கிறது அது. கை ஊன்றிய நாடுகள் ரொம்பக் கொஞ்சம். சேவா பிறந்த இந்தியா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஆனால் நம்முடைய 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்று ஒரு வரையறை இருக்கிறது. முதலாளிக்காக, தன் வீட்டிலோ தான் தேர்ந்தெடுத்த இடத்திலோ, பொருளையோ சேவையையோ கூலிக்கு உருவாக்குகிறவர், கருவியும் கச்சாப் பொருளும் யார் கொடுத்தாலும் சரி. திரும்பப் படியுங்கள். அப்பர் தைக்கிற அக்காவும் உள்ளே, கோட் எழுதுகிற அண்ணனும் உள்ளே வர இடம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் இந்தத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. கெட்ட செய்தி, இவர்களை வைத்திருப்பது அமைப்புசாராத் தொழிலாளர் பெட்டியில். அதாவது அரசாங்கம் ஏதாவது திட்டம் போட்டால் கிடைக்கும். கம்பெனி கட்டியாக வேண்டும் என்பது அங்கே இல்லை. 1985இல் பீடிப் பெண்ணுக்குக் கிடைத்தது, 'இவர் உன் ஆள், நீ கட்டு' என்ற வாக்கியம். அந்த வாக்கியம் இந்தப் பெட்டிக்குள் கிடைக்காது.

தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பதிவு செய்யாதவர்கள் செய்துகொள்ள வேண்டும், உங்கள் தெருவில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அது அரசாங்கத்தின் உதவி. பத்து ரூபாய்க் கூலி பதினொன்று ஆவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆர்டர் குறையும்போது இதெல்லாம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். 2020 ஊரடங்கில் ஃபேக்டரித் தொழிலாளிக்குச் சம்பளம் வருமா வராதா என்றாவது ஒரு பேச்சு இருந்தது. வீட்டில் தைத்தவருக்கு மூட்டை வரவில்லை, அவ்வளவுதான். வேலையிலிருந்து நீக்கினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, வேலையில் இருந்ததாகவே கணக்கில்லையே. 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா நம் சரக்குகள் மேல் வரியை 50 சதவீதம் ஆக்கியபோது ஏற்றுமதியாளர்கள் கவலைப்பட்டது எல்லாப் பேப்பரிலும் வந்தது. ஏற்றுமதியாளருக்குச் சங்கம் இருக்கிறது, டெல்லிக்கு மனுப்போட ஆள் இருக்கிறது. கூடுதல் ஆர்டருக்காக வைத்திருக்கும் ஆள் ஆர்டர் குறைந்தால் முதலில் காணாமல் போவார். அதற்கடுத்த மாதம் அமெரிக்க செனட்டர் பெர்னி மொரினோ, வெளிநாட்டு ஆட்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு 25 சதவீதம் வரி போட ஒரு மசோதா கொண்டுவந்தார். அது வெறும் மசோதாதான். ஆனால் அப்படி ஒன்று சட்டமானால் முதலில் மெயில் யாருக்கு வரும், நிரந்தர ஊழியருக்கா, ஏஜென்சி காண்ட்ராக்டருக்கா?

முதலாளிகள் சொல்லும் ஒரு வாதத்தை மட்டும் விட்டுவிட மனமில்லை. 'இதையெல்லாம் கேட்டால் ஆர்டர் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போய்விடும்.' இதே பயமுறுத்தலை நம் ஊர் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருக்கிறது, பாலாறு விஷயத்தில். 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்துகிறவனே செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லி, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டு, சுத்திகரிப்பு நிலையம் கட்டு, இல்லாவிட்டால் மூடு என்றது. அப்போதும் தொழிலே அழிந்துவிடும் என்றார்கள். முப்பது வருஷம் ஆகப்போகிறது, தொழில் இருக்கிறது. (ஆறு சரியாகிவிட்டதா என்பது வேறு சோகக் கதை.) அந்தத் தீர்ப்பின் அடிப்படை எளிமையானது: உன் செலவை ஆற்றில் கொட்டி ஊர் தலையில் கட்டாதே. வீட்டு வேலையிலும் அதேதான் நடக்கிறது. கட்டட வாடகை, விளக்கு, ஊசி, கண் டாக்டர் பீஸ், ஆர்டர் இல்லாத மாதத்தின் பட்டினி எல்லாமே ஃபேக்டரியின் செலவுதான், வீட்டுக்குள் கொட்டப்படுகிறது. ஆற்றில் கொட்டினால் நுரை தெரியும், நாற்றம் வரும். வீட்டில் கொட்டினால் தெரியாது.

நடக்காத காரியம் எதையும் கேட்கவில்லை. பீடிக்கு இருந்த மாதிரி ஒரு பாஸ் புக்: இன்று இத்தனை ஜோடி கொடுத்தேன், இத்தனை வாங்கினேன், ஒரு ஜோடிக்கு இவ்வளவு, கீழே ஃபேக்டரி பெயர். ஏஜென்ட் பெயர் மட்டும் போதாது. ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று தைக்கிறவர் முன்னால் கடிகாரம் வைத்துப் பார்த்து, குறைந்தபட்சக் கூலியோடு பெருக்கி ரேட் போடுவது. பெருக்கல் கணக்குத்தானே! 2016க்குப் பிறகு சில வெளிநாட்டு பிராண்டுகள், தங்கள் ஷூவை வீட்டில் யார் தைக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க ஆரம்பித்தன. ஆக, தேடினால் கிடைக்கிறார்கள். அரசாங்கம் தேடினாலும் கிடைப்பார்கள்.

நம்ம பசங்களுக்கு: அடுத்த ஆஃபர் லெட்டர் வரும்போது டாலர் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று இடத்தைப் பாருங்கள். கிளையன்ட் பெயர் எழுத்தில் இருக்கிறதா? கிளையன்ட் தராவிட்டாலும் ஏஜென்சி உங்களுக்குக் குறித்த தேதியில் தருமா? முடித்துக்கொள்ள எத்தனை நாள், அது இரண்டு பக்கமும் ஒன்றா? இதில் ஒன்றுக்காவது மழுப்பலான பதில் வந்தால் சட்டம் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். லேபர் ஆபீஸ் பக்கம் போகிற வேலை வந்தால், அதே கேள்விகளோடு தெருவில் அப்பர் தைக்கிற ஓர் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரிடம் காட்டுவதற்குக் காகிதம் இருக்காது. தைத்த ஜோடி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், உள்பக்கம் பிராண்ட் பெயர் இருந்தாலும் இருக்கும்.